ஃபாரி அக்கர்மன்: ஒரு ரசிகரின் வாழ்க்கை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அறிவியல் புனைகதை என்றதும் அசிமோவ், கிளார்க், பிராட்பரி என்று எழுத்தாளர்களின் பெயர்கள்தான் வாயில் வரும். அவர்களைப் படித்து, கடிதம் போட்டு, கூட்டம் கூட்டி, பழைய இதழ்கள் குப்பைக்குப் போகாமல் காத்தவர்களை நமக்குத் தெரியாது. அவர்களில் முதலில் சொல்லவேண்டியவர் ஃபாரஸ்ட் ஜே அக்கர்மன். இவரைப் பற்றிப் பேச்செடுத்தாலே நண்பர்கள் கேட்கிற கேள்விகளையும் அவற்றுக்கு என் பதில்களையும் இங்கே ஒன்றாகத் தருகிறேன். சிலவற்றுக்கு நீளமாகப் பதில் சொல்லியிருக்கிறேன். அங்கெல்லாம் சொல்ல நிறைய இருக்கிறது.

யார் இந்த அக்கர்மன்?

1916 நவம்பர் 24 அன்று லாஸ் ஏஞ்சலஸில் பிறந்து, 2008 டிசம்பர் 4 அன்று அதே ஊரில் 92 வயதில் மறைந்தவர். ரசிகர், இதழாசிரியர், எழுத்தாளர்களின் முகவர், சேகரிப்பாளர். நண்பர்களுக்கு ‘ஃபாரி’. கதைகளும் கொஞ்சம் எழுதினார், ஆனால் அவற்றுக்காக யாரும் அவரை நினைப்பதில்லை. அவரைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள்கூட அவர் முகத்தைப் பார்த்திருக்க வாய்ப்பு உண்டு. மைக்கேல் ஜாக்சனின் ‘திரில்லர்’ வீடியோவில், தியேட்டரில் உட்கார்ந்து படம் பார்க்கிற கூட்டத்தில் அவரும் இருக்கிறார். இப்படித் தலைகாட்டிய படங்கள் அவருக்கு ஏராளம். அவரைப் படித்து வளர்ந்த பிள்ளைகள் இயக்குநர்கள் ஆனபோது, தங்கள் படத்தில் அவர் ஒரு காட்சியிலாவது வரவேண்டும் என்று ஆசைப்பட்டார்கள்.

இந்தப் பைத்தியம் எப்போது பிடித்தது?

1926 அக்டோபரில், ஒன்பது வயதில். அந்த ஆண்டு ஏப்ரலில்தான் ஹியூகோ கெர்ன்ஸ்பேக் என்ற பதிப்பாளர் அறிவியல் கதைகளுக்கென்றே ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ என்ற மாத இதழைத் தொடங்கியிருந்தார். அதற்கு முன் அப்படி ஓர் இதழ் ஆங்கிலத்தில் கிடையாது. அதன் அக்டோபர் இதழைச் சிறுவன் ஃபாரி ஒரு மருந்துக்கடையில் பார்த்தான். அந்தக் காலத்துப் பத்திரிகைகள் பேசும் என்றும், ‘என்னை வீட்டுக்குக் கூட்டிப்போ, உனக்கு என்னைப் பிடிக்கும்’ என்று அந்த இதழ் தன்னிடம் சொன்னது என்றும் பிற்காலத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நாளில் அம்மாவுக்குக் கவலை வந்துவிட்டது. ‘உன்னிடம் எத்தனை பத்திரிகை சேர்ந்திருக்கிறது தெரியுமா? 27! இப்படியே போனால் நீ பெரியவனாகும்போது நூறு ஆகிவிடும்!’ என்றாராம். இதுவும் அக்கர்மன் சலிக்காமல் சொன்ன கதைதான்.

அம்மா வழித் தாத்தாவும் பாட்டியும் வேறு மாதிரி. சினிமா என்றால் அவர்களுக்கு உயிர். பேரனைக் கையோடு கூட்டிக்கொண்டு படம் படமாகப் போவார்கள். 1927-இல் வந்த ‘மெட்ரோபோலிஸ்’ என்ற ஜெர்மானிய மௌனப் படம் அவன் மனதில் ஆணியடித்தது போல் இறங்கிவிட்டது. கதைப்பித்து பத்திரிகையிலிருந்து வந்தது, படப்பித்து தாத்தா பாட்டியிடமிருந்து வந்தது. வாழ்நாள் முழுக்க இரண்டையும் அவர் பிரித்துப் பார்த்ததே இல்லை.

அந்தத் தாத்தா ஒரு புகழ்பெற்ற கட்டடம் கட்டியவர் என்கிறார்களே?

ஆமாம். தாத்தா ஜார்ஜ் வைமன்தான் லாஸ் ஏஞ்சலஸில் 1893-இல் திறக்கப்பட்ட பிராட்பரி கட்டடத்தை வடிவமைத்தவர். வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணச் செங்கல் கட்டடம். உள்ளே போனால் ஐந்து மாடி உயரத்துக்குக் கண்ணாடிக் கூரை, அதன் வழியாகக் கொட்டும் வெளிச்சம், இரும்புப் பூவேலைக் கைப்பிடிகள், கூண்டு லிஃப்ட். ‘பிளேடு ரன்னர்’ படத்தில் மழை ஒழுகும் அந்தப் பாழடைந்த கட்டடம் இதுதான்.

வைமன் அப்போது பெரிய கட்டடக் கலைஞர் அல்ல. ஒரு நிறுவனத்தில் வரைவாளர். இந்த வேலையை ஏற்கலாமா என்று தயங்கியவர், இறந்துபோன தம்பியின் ஆவியைக் கூப்பிட்டுக் கேட்டதாகவும், ‘எடுத்துக்கொள், வெற்றி கிடைக்கும்’ என்று பதில் எழுதி வந்ததாகவும் குடும்பத்தில் ஒரு கதை உண்டு. நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். எட்வர்ட் பெல்லமி எழுதிய, 2000-ஆம் ஆண்டைக் கற்பனை செய்த நாவலில் வரும் வெளிச்சம் நிறைந்த கட்டடம் ஒன்றின் வர்ணனைதான் இந்தக் கூரைக்குத் தூண்டுதல் என்றும் சொல்வார்கள். கட்டடத்துக்குப் பணம் போட்ட பிராட்பரிக்கும் எழுத்தாளர் ரே பிராட்பரிக்கும் தொடர்பு எதுவும் இல்லை, பெயர் ஒற்றுமைதான்.

ரசிகர் என்றால் வாங்கிப் படிப்பவர். அதில் என்ன பெரிய வாழ்க்கை இருக்கிறது?

அதுதான் இவரது கதையின் மையம். கெர்ன்ஸ்பேக் தம் இதழ்களில் வாசகர் கடிதங்களை முழு முகவரியோடு அச்சிட்டார். விளைவு என்ன? சான் பிரான்சிஸ்கோவில் தனியாகச் சந்திர யாத்திரை பற்றிப் படித்துக்கொண்டிருந்த ஒரு பையனுக்கு நியூயார்க்கில் தன்னைப் போலவே ஒருவன் இருக்கிறான் என்று தெரிந்துவிட்டது. ஒருவருக்கொருவர் கடிதம் போட்டுக்கொண்டார்கள். கடிதம் கழகமாயிற்று, கழகம் இதழாயிற்று. அக்கர்மனின் கடிதம் 1929-இல் அச்சேறியது, 1930-இல் சிறுவர்களுக்கான ஒரு கடிதக் கழகத்தை அவரே தொடங்கினார். 1932 தொடக்கத்தில் வந்த ‘தி டைம் டிராவலர்’ என்ற ரசிகர் இதழிலும் அவர் பங்கு உண்டு. அதில் உடன் இருந்த மார்ட் வைசிங்கர், ஜூலியஸ் ஷ்வார்ட்ஸ் இருவரும் பின்னாளில் சூப்பர்மேன் முதலிய காமிக்ஸ்களின் ஆசிரியர்களாக உட்கார்ந்தார்கள்.

ரசிகர் இதழ் என்பது கடையில் விற்பதல்ல. ஸ்டென்சில் வெட்டி, சைக்ளோஸ்டைல் எந்திரத்தில் கைப்பிடியைச் சுற்றி, மை உலர்வதற்குள் தாள் ஒட்டிக்கொள்ளாமல் பிரித்தடுக்கி, பின் அடித்து, தபால்தலை ஒட்டி அனுப்புவது. நம் ஊர்ச் சிறுபத்திரிகைக்காரர்கள் பலருக்கு இந்த வேலை கைப்பழக்கம். லாபம் கிடையாது. எழுதுகிறவர், படிக்கிறவர், சண்டை போடுகிறவர் எல்லாம் அதே நூறு பேர்தான்.

1934-இல் லாஸ் ஏஞ்சலஸ் ரசிகர்கள் ஒரு சங்கமாகச் சேர்ந்தார்கள். அந்தச் சங்கம் இன்றும் நடக்கிறது. அந்த நாளில் அவர்கள் கூடியது ஊர் நடுவில் இருந்த கிளிஃப்டன்ஸ் கஃபேடீரியாவின் மாடியில், ‘பிரவுன் ரூம்’ என்ற அறையில். பொருளாதார மந்தக் காலம். கையில் காசில்லை என்றாலும் சாப்பாடு கிடைக்கும், முடிந்ததைக் கொடுத்தால் போதும் என்பது அந்த உணவகத்தின் கொள்கை. ராக்கெட்டும் காலப் பயணமும் பேச வந்த பிள்ளைகளுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் அமைந்திருக்காது. அக்கர்மன் அங்கே எல்லோருக்கும் தட்டச்சர், செயலாளர், சண்டை தீர்ப்பவர், கடன் கொடுப்பவர்.

ரே பிராட்பரியைக் கண்டுபிடித்தது இவர்தானா?

‘கண்டுபிடித்தார்’ என்று நான் சொல்லமாட்டேன். பிராட்பரி யாரும் கண்டுபிடிக்காவிட்டாலும் எழுதியிருப்பார். ஆனால் கைதூக்கிவிட்டது இவர்தான். 1937-இல் பிராட்பரி அந்தச் சங்கத்துக்கு வந்தபோது பதினேழு வயது. வாய் ஓயாமல் பேசுகிற, எல்லோரையும் கிண்டல் செய்கிற பையன். அவர் எழுதி முதலில் அச்சில் வந்த கதை, 1938 ஜனவரியில் சங்கத்து இதழான ‘இமேஜினேஷன்!’-இல் வெளியானது. அடுத்த ஆண்டு ‘ஃபியூச்சூரியா ஃபேண்டேசியா’ என்று தானே ஓர் இதழ் தொடங்கினார் பிராட்பரி. நான்கு இதழ்கள் வந்தன. அதற்குப் பணம் கொடுத்தது அக்கர்மன்.

1939 ஜூலையில் நியூயார்க்கில் முதல் உலக அறிவியல் புனைகதை மாநாடு நடந்தபோது, பிராட்பரிக்குப் பஸ் கட்டணத்துக்கும் அக்கர்மன்தான் கடன் கொடுத்தார். அந்தப் பயணத்தில் பிராட்பரி தன் நண்பர் ஹானெஸ் போக்கின் ஓவியங்களைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்ப் பத்திரிகை அலுவலகங்களில் காட்டினார். ‘வியர்ட் டேல்ஸ்’ ஆசிரியர் அவற்றை ஏற்றுக்கொண்டார், போக்குக்கு வாழ்க்கை திறந்தது. பணம் வைத்திருந்த யாரும் பஸ் டிக்கெட் எடுத்துக் கொடுத்திருக்கலாம். எடுத்துக் கொடுத்தது இவர்.

அந்த மாநாட்டுக்கு வேஷம் போட்டுக்கொண்டு போனாராமே?

போனார். பச்சை நிற மேலங்கி, அகன்ற தோள், எதிர்கால மனிதனின் உடை. 1936-இல் வந்த ‘திங்ஸ் டு கம்’ படத்து உடைகளையும், ஃபிராங்க் பால் என்ற ஓவியர் இதழ்களுக்கு வரைந்த படங்களையும் பார்த்துத் தைத்தது. தைத்தவர் அவருடைய தோழி மோரோஜோ. அவரும் அதே மாதிரி உடையில் வந்தார். சுமார் இருநூறு பேர் வந்திருந்த கூட்டத்தில் இவர்கள் இருவர் மட்டும் நாளைய உலகத்திலிருந்து வந்தவர்கள் போல் நின்றார்கள். மறு ஆண்டு சிகாகோ மாநாட்டில் பலர் வேஷத்தோடு வந்தார்கள். இன்று உலகமெங்கும் ‘காஸ்ப்ளே’ என்று நடப்பதன் தொடக்கம் இதுதான் என்று பெரும்பாலோர் ஒப்புக்கொள்கிறார்கள்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது மோரோஜோவின் கை. வரலாறு அக்கர்மனை ‘முதல் காஸ்ப்ளேக்காரர்’ என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறது. யோசித்தது, வெட்டியது, தைத்தது எல்லாம் அந்தப் பெண். சங்கத்து இதழ்களை ஆண்டுக்கணக்கில் அக்கர்மனோடு சேர்ந்து நடத்தியவரும் அவரே. அவர் பெயரைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்லக்கூடாது.

எஸ்பெராண்டோ என்ற செயற்கை மொழி பேசுவாராமே?

பேசுவார். மோரோஜோவும் பேசுவார். அவருடைய புனைபெயரே இயற்பெயரின் முதலெழுத்துகளை எஸ்பெராண்டோவில் உச்சரிப்பதால் வந்தது. உலகத்துக்குப் பொதுவாக ஒரு மொழி இருந்தால் மனிதர்கள் அடித்துக்கொள்ளமாட்டார்கள் என்று அந்தத் தலைமுறை உண்மையாகவே நம்பியது. அக்கர்மனின் தம்பி ஆல்டன் இரண்டாம் உலகப் போரில், பெல்ஜியத்தில் நடந்த பல்ஜ் சண்டையில் மாண்டார். போர்க்காலத்தில் அக்கர்மன் கலிஃபோர்னியாவிலேயே மெக்கார்தர் கோட்டையில் இருந்து படைவீரர்களுக்கான செய்தித்தாளை நடத்தினார்.

அறிவியல் புனைகதையைச் சுருக்கிச் சொல்லும் ‘சை-ஃபை’ என்ற சொல் இவர் உருவாக்கியதா?

பரப்பியவர் இவர்தான். 1954-இல் காரில் போகும்போது வானொலியில் ‘ஹை-ஃபை’ என்று கேட்டதும் அதே ஓசையில் ‘சை-ஃபை’ என்று வாயில் வந்ததாகவும், பக்கத்தில் இருந்த மனைவி ‘இதெல்லாம் நிற்காது, மறந்துவிடுங்கள்’ என்றதாகவும் சொல்வார். எழுத்தாளர்கள் பலருக்கு அந்தச் சொல்லே பிடிக்கவில்லை. ஹார்லன் எல்லிசன் கடைசிவரை அதை வெறுத்தார். அகராதிகள் யாரையும் கேட்கவில்லை, சேர்த்துக்கொண்டன.

ஹியூகோ விருது கிடைத்ததா?

1953-இல் ஃபிலடெல்ஃபியாவில், அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ விருதுகளை முதன்முறையாக வழங்கினார்கள். ‘முதன்மை ரசிகர்’ என்று ஒரு பிரிவு வைத்து இவருக்குக் கொடுத்தார்கள். மேடையிலேயே அவர் இது இங்கிலாந்து ரசிகர் கென் ஸ்லேட்டருக்குப் போகவேண்டியது என்று சொல்லி அவருக்காக விட்டுவிட்டு இறங்கினார். போருக்குப் பிந்தைய இங்கிலாந்தில் அமெரிக்க இதழ்கள் கிடைக்காத காலத்தில் ரசிகர்களுக்குப் புத்தகம் கிடைக்க வழி செய்தவர் ஸ்லேட்டர்.

‘ஃபேமஸ் மான்ஸ்டர்ஸ்’ இதழைப் பற்றி ஏன் எல்லோரும் பேசுகிறார்கள்?

ஹாலிவுட்டின் ஒரு தலைமுறையே அதைப் படித்து வளர்ந்தது என்பதால். அது பிறந்த சூழல் முக்கியம். 1957-இல் யுனிவர்சல் நிறுவனத்தின் பழைய திகில் படங்கள் 52-ஐ ஒரே கட்டாகத் தொலைக்காட்சி நிலையங்களுக்கு விற்றார்கள். 1930-களில் வந்த டிராகுலாவும் ஃபிராங்கன்ஸ்டைனும் திடீரென்று வரவேற்பறைக்குள் வந்துவிட்டார்கள். பிள்ளைகள் கண் கொட்டாமல் பார்த்தார்கள். ஆனால் அந்தப் படங்களைப் பற்றிப் படிக்க எதுவும் இல்லை.

அதே ஆண்டு ஐரோப்பாவுக்குப் போயிருந்த அக்கர்மன், ஒரு பிரெஞ்சு சினிமா இதழ் மாயப் படங்களுக்கென்று வெளியிட்ட சிறப்பிதழை வாங்கிவந்தார். அதை நியூயார்க்கில் ஜேம்ஸ் வாரன் என்ற இளம் பதிப்பாளரிடம் காட்டினார். ஒரே ஓர் இதழ் போடுவோம் என்று வாரன் லாஸ் ஏஞ்சலஸுக்கு வந்து அக்கர்மன் வீட்டில் உட்கார்ந்தார். தட்டச்சு எந்திரத்துக்கு எதிரே ஓர் அட்டையை வைத்தார். ‘எனக்குப் பதினொன்றரை வயது. நான்தான் உங்கள் வாசகன். என்னைச் சிரிக்க வையுங்கள்’ என்பது அதில் எழுதியிருந்ததன் சாரம். அக்கர்மனுக்கு சினிமா வரலாறு எழுதத்தான் ஆசை. வாரனுக்கு நகைச்சுவை வேண்டும். இரண்டும் கலந்து வந்தது.

1958 பிப்ரவரித் தேதியிட்டு வந்த முதல் இதழின் அட்டையில் ஃபிராங்கன்ஸ்டைன் முகமூடி போட்டு நின்றவர் வாரனே. கடுங்குளிரில் கடைக்கு வந்தும் மளமளவென்று விற்றுத் தீர்ந்தது. ஒரே இதழாக இருக்கவேண்டியது 1983 வரை 191 இதழ்கள் ஓடியது.

உள்ளே என்ன இருந்தது? சிலேடை. பக்கத்துக்குப் பக்கம் சிலேடை. ஹாலிவுட், கலிஃபோர்னியா என்பதை ‘ஹாரர்வுட், கார்லோஃபோர்னியா’ என்று எழுதுவார். கார்லோஃப் என்பது ஃபிராங்கன்ஸ்டைன் பூதமாக நடித்தவரின் பெயர். இதெல்லாம் சிறுபிள்ளைத்தனம் என்று சினிமா அறிஞர்கள் சொன்னதுண்டு. சிறுபிள்ளைகளுக்காக எழுதியதுதானே! ஆனால் அந்தச் சிலேடைக்கு நடுவே, பூதத்தின் முகத்தைச் செய்தவர் ஜாக் பியர்ஸ், கிங் காங்கை அசையவைத்தவர் வில்லிஸ் ஓபிரையன், ஆயிரம் முகம் காட்டியவர் லான் சேனி என்று பெயர் சொல்லிக் கற்றுக்கொடுத்தார். திரையில் தெரியாத கைகளுக்குப் பெயர் உண்டு என்று ஒரு பதினொரு வயதுப் பிள்ளைக்கு அதற்கு முன் யார் சொன்னார்கள்? ஒப்பனைக் கலைஞர் ரிக் பேக்கர், இயக்குநர்கள் ஜோ டாண்டே, பீட்டர் ஜாக்சன் ஆகியோர் அந்த இதழின் பிள்ளைகள். டாண்டே பள்ளிப் பையனாக இருந்தபோது அனுப்பிய ‘மிக மோசமான திகில் படங்கள்’ பட்டியலை அக்கர்மன் கட்டுரையாகவே போட்டார்.

இதழை நிறைத்த புகைப்படங்கள் அவர் சேகரிப்பிலிருந்து வந்தவை. படம் ஓடி முடிந்ததும் ஸ்டூடியோக்கள் தூக்கியெறிந்த ஸ்டில்களைச் சிறுவயது முதல் பொறுக்கிவைத்திருந்தார். அவரது சேகரிப்பும் அவரது இதழும் ஒரே பெட்டியின் இரண்டு பக்கங்கள். வீட்டில் பூட்டிவைத்திருந்தால் அவர் பணக்காரச் சேகரிப்பாளராக மட்டும் இருந்திருப்பார்.

ஸ்டீபன் கிங் கதை உண்மையா?

கிங்கே எழுதியிருக்கிறார். சிறுவனாக இருந்தபோது அக்கர்மன் நடத்திய ‘ஸ்பேஸ்மென்’ என்ற இன்னொரு இதழுக்கு ஒரு கதை அனுப்பினார். அது வெளியாகவில்லை. சுமார் இருபது ஆண்டுகள் கழித்து, கிங் புகழின் உச்சியில் இருந்தபோது, லாஸ் ஏஞ்சலஸ் புத்தகக்கடை ஒன்றில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். வரிசையில் நின்ற அக்கர்மன் நீட்டிய தாள், அந்தக் கதையின் மூலப் பிரதி. பையன் தட்டச்சு செய்த அதே தாள். நிராகரித்த கதையை எந்த ஆசிரியர் இருபது ஆண்டு பத்திரப்படுத்துவார்?

வேறு என்னென்ன செய்தார்?

வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வான் வோக்ட், எல். ரான் ஹப்பர்ட் உள்ளிட்ட பல எழுத்தாளர்களுக்கு முகவராக இருந்தார். 1969-இல் வாரன் நிறுவனத்துக்காக ‘வாம்பிரெல்லா’ என்ற காமிக்ஸ் நாயகியை உருவாக்கினார், அவள் உடையை வடிவமைத்தவர் ட்ரினா ராபின்ஸ். மனைவி வெண்டேன் ஜெர்மனியில் பிறந்தவர். ‘பெர்ரி ரோடன்’ என்ற நீண்ட ஜெர்மானிய விண்வெளித் தொடரை வெண்டேன் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க, அக்கர்மன் பதிப்பித்தார். அமெரிக்க ரசிகர்களில் பலருக்கு வேற்றுமொழி அறிவியல் புனைகதை என்ற ஒன்று இருப்பதே அதன் மூலம்தான் தெரியவந்தது.

‘ஆக்கர்மேன்ஷன்’ என்பது என்ன?

அவர் வீடு. லாஸ் ஃபீலிஸ் பகுதியில், மலைச்சரிவில், 18 அறைகள். சுமார் 3 லட்சம் பொருட்கள் இருந்தன என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. புத்தகம், இதழ், சுவரொட்டி, ஸ்டில், முகமூடி, மாதிரி உருவம். குளியலறை வரை அலமாரி. ஃபிராங்கன்ஸ்டைன் பதிப்புகளே நூற்றுக்கணக்கில்.

சிலவற்றைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். 1948-இல் பெலா லுகோசி டிராகுலாவாக நடித்தபோது விரலில் போட்டிருந்த மோதிரம். அதை அக்கர்மன் தம் விரலிலேயே போட்டிருந்தார், வந்தவர்களுக்குக் கை நீட்டிக் காட்டுவார். லான் சேனியின் ‘லண்டன் ஆஃப்டர் மிட்நைட்’ என்ற மௌனப் படத்து உயரத் தொப்பியும் பொய்ப்பற்களும் இருந்தன. அந்தப் படத்தின் பிரதி இன்று உலகில் எங்கும் இல்லை. படமே போய்விட்டது, பல் மிஞ்சியது. பிராம் ஸ்டோக்கர் கையெழுத்திட்ட ‘டிராகுலா’ முதற்பதிப்பு. ‘மெட்ரோபோலிஸ்’ ரோபோவின் ஆளுயர மறுவடிவம். 1933 ‘கிங் காங்’ படத்து டைனோசர் உருவங்கள், தோல் உதிர்ந்து உள்ளிருந்த உலோக எலும்பு தெரியும் நிலையில்.

கடைசியாகச் சொன்னது சேகரிப்பாளர்களின் நிரந்தரத் துயரம். ரப்பர் நுரையும் லேட்டக்ஸும் காற்றிலும் வெளிச்சத்திலும் காய்ந்து, வெடித்து, பொடியாகும். பழைய கதை இதழ்கள் அச்சான சாணித்தாளில் மரக்கூழின் அமிலம் உள்ளேயே இருக்கிறது. பழுப்பேறி ஓரம் உதிரும். வெப்பமும் ஈரமும் கட்டுப்பட்ட அறையில்லாமல் இவற்றைக் காப்பாற்ற முடியாது. அவர் வீட்டில் அப்படி அறை கிடையாது.

யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாமா?

அதுதான் அதிசயம். சனிக்கிழமைகளில் வீடு திறந்திருக்கும், கட்டணம் இல்லை. தொலைபேசி எண்ணின் எழுத்துகளைச் சேர்த்தால் ‘மூன் ஃபேன்’ என்று வரும்படி வைத்திருந்தார், இதழிலும் தெரிவித்தார். அமெரிக்காவின் ஏதோ ஒரு மூலையிலிருந்து பஸ் ஏறிவந்த பதினான்கு வயதுப் பையனுக்கும் அவரே கதவைத் திறந்து, அறை அறையாகக் கூட்டிப்போய், கதை கதையாகச் சொல்லி, டிராகுலா மோதிரத்தைத் தொடவும் விட்டார். பத்தாயிரக்கணக்கானோர் வந்துபோனதாகச் சொல்வார்கள்.

திருட்டும் நடந்தது. விருந்தாளியாக வந்தவர்கள் அரிய பொருட்களை எடுத்துக்கொண்டு போனார்கள். கதவை அவர் மூடவில்லை. சேகரிப்பு நிபுணர்கள் இதைப் பொறுப்பின்மை என்பார்கள். பொருளின் பாதுகாப்பை மட்டும் பார்த்தால் அது சரிதான். நான் அவர் பக்கம். அந்தச் சனிக்கிழமைகள் இல்லையென்றால், அந்தப் பொருட்களைப் பொருட்படுத்துகிற ஒரு தலைமுறையே உருவாகியிருக்காது.

அத்தனையும் இப்போது எங்கே?

சிதறிப்போய்விட்டது. இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. சேகரிப்பு பொதுச்சொத்தாக வேண்டும் என்று அவர் 1940-களிலேயே ‘ஃபேண்டசி ஃபவுண்டேஷன்’ என்ற திட்டத்தை ரசிகர்கள் முன் வைத்தவர். பின்னர் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துக்கே தரத் தயாராக இருந்தார். அருங்காட்சியகம் அமைக்கும் பேச்சு பல முறை எழுந்து, ஒவ்வொரு முறையும் இடமோ பணமோ கைகூடாமல் அமுங்கிப்போனது. உலகின் சினிமாத் தலைநகரத்துக்குத் தன் சினிமாவின் மிச்சங்களை வைக்க ஒரு கட்டடம் கிடைக்கவில்லை!

1990-இல் வெண்டேன் மறைந்தார். ‘ஃபேமஸ் மான்ஸ்டர்ஸ்’ பெயரை வைத்து இதழை மீண்டும் தொடங்கிய பதிப்பாளரோடு உரிமை வழக்கு வந்தது. 2000-இல் நடுவர் குழு அக்கர்மனுக்குச் சாதகமாக 5 லட்சம் டாலருக்கு மேல் கொடுக்கச் சொன்னது. எதிர்த்தரப்பு திவால் மனு போட்டதால் விவகாரம் இழுத்தடித்தது. வழக்குச் செலவும் முதுமையும் நோயும் சேர்ந்துகொள்ள, 2002-இல் பெரும்பகுதியை விற்று, பெரிய வீட்டையும் விட்டு, பக்கத்தில் ஒரு சிறு வீட்டுக்கு மாறினார். மிஞ்சிய சில பொருட்களோடு அங்கேயும் சனிக்கிழமை விருந்தினரை வரவேற்றார். அவர் மறைந்த பின், மோதிரமும் ஸ்டோக்கர் கையெழுத்திட்ட நூலும் உட்பட எஞ்சியவை 2009-இல் ஏலம் போயின.

வேறு மாதிரி நடந்திருக்க முடியும். எழுத்தாளரும் தொகுப்பாசிரியருமான ஜூடித் மெரில் 1970-இல் தம்மிடமிருந்த சுமார் 5,000 நூல்களையும் இதழ்களையும் டொரன்டோ பொது நூலகத்துக்குக் கொடுத்தார். நகராட்சி ஏற்றுக்கொண்டு, ஊழியர்களை அமர்த்தி, ஆண்டுதோறும் வளர்த்தது. இன்று அது அவர் பெயரிலேயே உலகின் பெரிய அறிவியல் புனைகதை நூலகங்களில் ஒன்றாக நிற்கிறது. கலிஃபோர்னியாவிலேயே ரிவர்சைடு பல்கலைக்கழகம் 1969-இல் மருத்துவர் ஈட்டன் சேர்த்த 7,500 நூல்களை வாங்கி ஒரு பெரும் தொகுப்பாக வளர்த்திருக்கிறது. புத்தகத்தை வாங்கிக்கொள்ள நூலகம் முன்வரும். முகமூடியையும் பொய்ப்பல்லையும் தூக்கி எங்கே வைப்பது என்று அந்தக் காலத்து நிறுவனங்களுக்குத் தெரியவில்லை. மெரில் தம் நல்ல வயதிலேயே மொத்தத்தையும் கைமாற்றினார் என்பதும் ஒரு காரணம். அக்கர்மனால் பிரிந்திருக்க முடியவில்லை. வீடும் சேகரிப்பும் அவரும் ஒன்றாகவே இருந்தார்கள்.

அவர் மீது குற்றச்சாட்டுகள் உண்டா?

உண்டு, மறைக்கக்கூடாது. அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின், அவர் தன்னிடம் தொடர்ந்து தகாத முறையில் நடந்துகொண்டார் என்று ஒரு பெண் எழுத்தாளர் பகிரங்கமாக எழுதினார். அந்தக் கால ரசிகர் உலகத்தில் பெண்கள் இதையெல்லாம் வெளியே சொல்ல முடியாமல் சகித்துக்கொண்டிருந்தார்கள் என்பது இப்போது நன்றாகவே தெரிகிறது. அவரை நேசிக்கிற நாம் இதையும் சேர்த்தே அவரைப் பற்றிப் பேசவேண்டும். கதவைத் திறந்துவைத்த வீடு எல்லோருக்கும் ஒரே மாதிரி இருந்திருக்காது.

இன்று அவர் தடத்தைப் பார்க்க எங்கே போகலாம்?

லாஸ் ஏஞ்சலஸ் போகிறவர்கள் முதலில் பிராட்பரி கட்டடத்துக்குப் போங்கள். கீழ்த்தளம் பார்வையாளர்களுக்குத் திறந்திருக்கும். அலுவலகங்கள் இயங்கும் கட்டடம் என்பதால் மாடிக்கு விடமாட்டார்கள். நின்று அண்ணாந்து பார்த்தாலே போதும். லாஸ் ஃபீலிஸில் வெர்மான்ட், ஃபிராங்ளின் சாலைகள் சந்திக்கும் முனைக்கு நகர மன்றம் 2016-இல் ‘ஃபாரஸ்ட் ஜே அக்கர்மன் சதுக்கம்’ என்று பெயர் வைத்தது. பெயர்ப்பலகைக்கு மேல் அங்கே எதுவும் இல்லை.

சியாட்டிலில் 2004-இல் திறந்த அறிவியல் புனைகதை அருங்காட்சியகம் அவர் சேகரிப்பிலிருந்து சில பொருட்களை வாங்கியது. அந்த அருங்காட்சியகம் இப்போது மோபாப் என்ற பெரிய அருங்காட்சியகத்தின் பகுதி. அவருடைய கடிதங்களிலும் தாள்களிலும் ஒரு பகுதி சிரக்யூஸ் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு என் பரிந்துரை அதுதான். 1930-களின் ரசிகர் இதழ்கள் பல இணையத்தில் ஸ்கேன் செய்து கிடைக்கின்றன. முதலில் ‘இமேஜினேஷன்!’ இதழ்களைத் திறந்து வாசகர் கடிதப் பகுதியைப் படியுங்கள். பிறகு பிராட்பரியின் அந்த முதல் கதைக்குப் போங்கள். கதை சுமார்தான். அதைப் பொருட்படுத்தி அச்சிட்டவர்கள் யார் என்று கடிதப் பகுதியிலேயே தெரிந்திருக்கும்.